கட்டணம் கூட்ட நல்ல மாதம் எது?

புதிதாகப் பிள்ளை பராமரிப்பு நிலையம் தொடங்கியிருக்கும் தங்கைமார் சிலர் அவ்வப்போது என்னைப் பார்க்க வருகிறார்கள். தேத்தண்ணீர் குடிப்பார்கள். அழுகிற பிள்ளையை எப்படி அமர்த்துவது, சாப்பிடாத பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாம் கேட்டு முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உண்மையான கேள்வி வெளியே வரும். "மிஸ், மாசக் காச எப்ப கூட்டலாம்?" அதைக் கேட்கும்போது குரல் தானாகவே இறங்கிவிடும், ஏதோ களவுக்கு யோசனை கேட்பதுபோல.

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். பல வருஷம் அது என் குரல்தான்.

லிந்துலை டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் என் நிலையம் இருந்தது. மழை பெய்தால் அந்தக் கூரை போடும் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் பிள்ளைகள் மட்டும் அந்தச் சத்தத்தில்தான் அயர்ந்து தூங்குவார்கள். அதற்கு முன்பு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே சம்பளம் தோட்டத்திலிருந்து வரும். தாய்மாரிடம் நான் காசு கேட்க வேண்டியதே இல்லை. அதனால் பிள்ளையைக் கைநீட்டி வாங்கத் தெரிந்த எனக்குக் காசைக் கைநீட்டி வாங்கத் தெரியாமல் போய்விட்டது. சொந்தமாக நிலையம் தொடங்கிய பிறகும், மாத முதலில் ஒரு தாய் காசைக் கொடுத்தால், "அவசரமில்லையே, பிறகு தரலாமே" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

எங்களிடம் பிள்ளைகளை விட்டவர்கள் ஆசிரியைகள், கடைகளில் நிற்கும் பெண்கள், வங்கியில் வேலை செய்பவர்கள் என்று எல்லோருமே கணக்குப் பார்த்து வாழ்கிற ஆட்கள். கட்டணம் கூட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். மாதம் அமையாது. ஜனவரியில் மூத்த பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்க வேண்டும், பாவம். பெப்ரவரியில் பனி விழுந்து கொழுந்து கருகினால் தோட்டத்தில் வேலை குறையும், தோட்டத்து ஆட்கள் கையில் காசில்லை என்றால் டவுனில் கடைக்காரர்கள் கையிலும் இல்லை. ஏப்ரலில் புத்தாண்டு. அப்புறம் பெருமழை, பிள்ளைகளுக்கெல்லாம் சளி, மருந்துச் செலவு. அது முடியத் தீபாவளி. தீபாவளி முடிந்தால் கிறிஸ்து பிறந்த நத்தார். நானோ வேதக்காரி, மற்றவர்கள் பண்டிகைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு என் பண்டிகைக்கு மட்டும் காசைக் கூட்டினால் நன்றாகவா இருக்கும்? இப்படியே திரும்ப ஜனவரி வந்துவிடும். கட்டணம் கூட்டுவதற்கென்று ஒரு மாதத்தைக் கடவுள் படைக்கவேயில்லை என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன்.

பிறகு அந்த நெருக்கடி வருஷம் வந்தது. உங்களுக்கும் மறந்திருக்காது. கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, பால்மா இல்லை. இருந்தாலும் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. நாங்கள் பின்பக்கம் மூன்று கல்லை வைத்து விறகு அடுப்புக்குத் திரும்பினோம். ஈர விறகின் புகையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தோம். மாதக் கட்டணம் மட்டும் பழையபடியே நின்றது. அந்த மாதங்களில் எனக்கென்று ஒரு சதமும் எடுக்கவில்லை. அதை நினைத்து உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. கோயிலில் முழங்காலில் நிற்கும்போது அது ஆண்டவருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

என்னோடு இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருத்தி சமையலுக்கும் துப்புரவுக்கும் நின்ற ஓர் இளம்பெண். மற்றவள் விஜி. விஜியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: காலையில் தாயின் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்று கத்துகிற பிள்ளைகள், மாலையில் விஜியின் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்று கத்தும். புருஷன் இல்லாதவள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகன். தாயோடு தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பால் குடித்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டே விஜி பேச்சைத் தொடங்கினாள்.

"மிஸ், நான் கொழும்புக்குப் போகலாம்னு இருக்கேன். ஒரு வீட்டுல புள்ள பாக்குற வேலை. இங்க வாங்குறதவிட ரெண்டு மடங்கு. சாப்பாடு, தங்குறது எல்லாம் அவங்களோடது."

"எத்தனை புள்ளை?" என்று கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்ட கேள்வி அது.

"ஒன்னே ஒன்னுதான் மிஸ்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இங்க நான் கண்ண மூடித் தும்முறதுக்குள்ள மூனு புள்ள மூனு தெசைக்கு ஓடிருது. அங்க ஒன்னுதானாம்."

"ஒன் மகன்?"

சிரிப்பு நின்றது. "அம்மாகிட்ட இருப்பான். வேற என்ன மிஸ் செய்யிறது? அரிசி வெலைக்கு நான் வாங்குற சம்பளம் எங்க நிக்குது? ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஞாயித்துக்கெழமை பதில் சொல்லணும்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் எனக்கு எடுக்காமல் விட்டதையே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் விஜியின் சம்பளமும் அதே இடத்தில்தானே நின்றது? பெற்றோர் கொடுக்காத மிச்சத்தை இத்தனை நாளும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது பாதி நான், பாதி விஜி. எனக்குக் குடியிருக்கச் சொந்த வீடு இருந்தது, மகள் அனுப்பும் காசு இருந்தது. விஜிக்கு ஒன்றுமில்லை. தங்கைமாரே, கட்டணத்தைக் கூட்டாமல் இருப்பது இலவசம் இல்லை. அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் வாய் திறக்காதவர் தலையில்தான் விழும்.

"நான் சம்பளத்தைக் கூட்டித் தந்தா நிப்பியா?" என்று கேட்டேன்.

"நிப்பேன் மிஸ். ஏன் நிக்க மாட்டேன்? ஆனா நீங்க எங்க கூட்டப் போறீங்க? அதுக்கு அவங்ககிட்ட கேக்கணும். ஒங்களுக்குத்தான் வாய் வராதே."

எனக்குச் சுருக்கென்றது. "வரும்" என்றேன்.

"அப்பிடிக் கேட்டாலும் என் பேர இழுத்துராதீங்க மிஸ். விஜிக்காகத்தான் கூட்டுறோம்னு சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கு ஒரு புள்ள விழுந்து முழங்கால்ல செராய்ச்சாலும், இவளுக்குத்தானே கூட்டிக் குடுத்தோம்னு பாப்பாங்க. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது."

அவள் சொன்னது நியாயம். ஆனால் என்னிடமிருந்த மிகப் பெரிய காரணத்தையே அவள் பிடுங்கிக்கொண்டாள். விஜி போகப்போகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாத் தாய்மாரும் கேட்டதைக் கொடுப்பார்கள். அதைச் சொல்லாமல் கேட்க வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு.

மறுநாள் காலையில், தலவாக்கலையில் ஒரு கடையில் பால்மா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் சந்திரன். அவருடைய மகன் கவிஷ் எங்களிடம்தான் இருந்தான். கவிஷ் என்றால் எங்கள் நிலையத்துக்கே தெரியும். அவன் வந்தால் வாளி, கதவு, குழாய் மூன்றையும் முதலில் பத்திரப்படுத்துவோம். நான் ஏறப்போனேன். சந்திரன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மிஸ், ஏறுறதுக்கு முன்னுக்கே சொல்லிர்றேன். பழைய காசுக்கு இப்ப ஓட முடியாது. கூட்டியிருக்கேன்." எவ்வளவு என்று சொன்னார்.

"அவ்வளவா தம்பி!"

"ஆமா மிஸ். எறங்கும்போது சொன்னா நீங்க திட்டுவீங்க. ஏறும்போது சொன்னா யோசிப்பீங்க. நீங்க யோசிச்சுக்கங்க. வேணாம்னா பஸ் வரும், நானே கையக் காட்டி நிப்பாட்டி ஏத்திவிட்டுட்டுப் போறேன்."

நான் யோசித்தேன். ஏறினேன். தலவாக்கலை போய்ச் சேரும் வரைக்கும் பால்மாவை மறந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் மன்னிப்புக் கேட்கவில்லை. அழுது வடியவில்லை. பெட்ரோல் வரிசையில் நின்ற கதையைச் சொல்லி என் மனதை இளக்கப் பார்க்கவும் இல்லை. முன்கூட்டியே சொன்னார், முகத்தைப் பார்த்துச் சொன்னார், போக வழியும் விட்டார். நான் கோபப்படவேயில்லை. இதே மாதிரி நானும் சொன்னால் என்ன?

அன்று மாலை பிள்ளையை எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "நாளைக்குச் சனிக்கிழமை பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் வாங்க. மாசக் கட்டணம் கூட்டுறதப் பத்திப் பேசணும்." வெறுமனே கூட்டம் என்று சொல்லாமல் விஷயத்தையே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது. ஆனால் வானம் இடிந்து விழவில்லை. ஒரு தாய், "சரி மிஸ்" என்றுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். பெரியவர்கள் உட்கார எங்களிடம் கதிரை கிடையாது. பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில்தான் உட்கார வேண்டும். முழங்கால் தாடையில் இடிக்க, ஆசிரியைகளும் வங்கிக்காரரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வங்கியில் வேலை செய்த ஒரு தாய் மட்டும் சேலை கசங்காமல் எப்படியோ நேராக உட்கார்ந்திருந்தாள். கூட வந்த பிள்ளைகளை விஜி உள் அறையில் வைத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு திரைச்சீலைதான். பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் எழுந்து நின்று, எவ்வளவு கூட்டப்போகிறேன், எப்போதிலிருந்து என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "கூடுறதுல பாதி பால், அரிசி, விறகுக்கு. மத்தப் பாதி பிள்ளைகளைப் பாக்குறவங்களுக்கு. எனக்கு எடுக்க இல்ல" என்றேன்.

பிறகு சந்திரன் எழுந்தார். எழுந்தார் என்று சொல்ல முடியாது, கதிரையும் அவரோடு எழுந்தது. அதைப் பின்னால் கையால் இழுத்துக் கழற்றிக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"என்ன மிஸ் இது? கடைக்காரன் கூட்டுறான், கரண்ட்காரன் கூட்டுறான், நீங்களுமா? இந்த நேரத்துல போய்க் கூட்டலாமா? மனுசன் எப்பிடி மிஸ் வாழுறது?"

என் நாக்கு நுனிக்கு நேற்றைய ஆட்டோக் கட்டணம் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பேச்சில் ஜெயித்திருப்பேன். ஒரு பிள்ளையின் தகப்பனை எல்லார் முன்னாலும் தோற்கடித்திருப்பேன். விழுங்கிக்கொண்டேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கலாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கலா ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பின்வரிசை மாணவனைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"இந்தக் கெழமை நீங்க தலவாக்கலைக்கு எவ்வளவு கூட்டுனீங்க?"

"அது பெட்ரோலு!"

"இது பாலு!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் கூடமே சிரித்தது. சந்திரனும் சிரித்துவிட்டார், கதிரையைக் கீழே வைத்து மறுபடியும் அதில் குந்தினார். நான் சொல்லியிருந்தால் குத்தலாக இருந்திருக்கும். பெண்சாதி சொன்னதால் பகிடியாகிவிட்டது.

ஆனால் அதோடு முடியவில்லை. வங்கிக்காரத் தாய் அமைதியாகக் கேட்டாள்: "மிஸ், பால்தானே இப்போ பெரிய செலவு? நீங்க பால் கொடுக்கிறத நிப்பாட்டிருங்க. நாங்க வீட்டிலேயிருந்து கொடுத்து அனுப்புறோம். கட்டணம் பழையபடியே இருக்கட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று தலைகள் ஆடின. அப்போது கதவோரத்தில் இருந்த செல்வி பேசினாள். டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிற பெண் அவள். தோட்டத்து லயத்திலிருந்து வருவாள். புருஷன் முருகேசு தேயிலை ஃபெக்டரியில் இராவேலை. இரண்டு வயதில் தர்ஷினி என்று ஒரு மகள். அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் செல்வி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"அப்பிடிச் செய்யாதீங்க மிஸ்" என்றாள். "வீட்டுல இருந்து குடுத்து அனுப்புறதுன்னா ஒரு புள்ள பால் கொண்டாரும், ஒரு புள்ள பாலில்லாத சாயத் தண்ணி கொண்டாரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து குடிக்கும். இப்ப எல்லாப் புள்ளையும் ஒரே கோப்பையில ஒரே பால் குடிக்குதுங்க. காசக் கூட்டுங்க. பால நிப்பாட்டாதீங்க."

வங்கிக்காரத் தாய் செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி. நான் அத யோசிக்கல்ல" என்றாள். அப்படி ஒரு கூட்டத்தில் சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும்.

கடைசியாகப் பின்னாலிருந்து ஒரு தகப்பன் கேட்டார், "அப்ப ஒரு ஆளக் குறைச்சுப் பாத்தா என்ன மிஸ்?"

திரைச்சீலைக்குப் பின்னால் விஜியின் தாலாட்டு நின்றுவிட்டது. விஜி போகிறாள், ஆளைக் குறைக்கத் தேவையே இல்லை, நாளைக்கே குறைந்துவிடும் என்று சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. "அதை மட்டும் குறைக்க மாட்டேன்" என்றேன். "வேணும்னா திங்கக்கிழமை காலையில ஒரு மணித்தியாலம் வந்து எங்களோட நில்லுங்க. நின்னு பாத்துட்டு, யாரைக் குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் திரைச்சீலை விலகியது. கவிஷ் தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல், கத்திக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பிள்ளைகள். எல்லோருக்கும் பின்னால் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக விஜி. கவிஷ் நேரே போய்க் கேள்வி கேட்ட தகப்பனின் மடியில் மோதினான்.

"வேணாம் மிஸ்" என்றார் அவர், வாளியைக் கழற்றிக்கொண்டே. "நான் வரல்ல. ஒருத்தரையும் குறைக்காதீங்க."

அடுத்த மாதத்திலிருந்து புதிய கட்டணம் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விஜியின் லயத்துக்கு நடந்தேன். தகரத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசத்துலயிருந்தே ஒனக்குச் சம்பளம் கூடுது" என்றேன்.

"அவங்க அடுத்த மாசந்தானே மிஸ் குடுப்பாங்க?"

"அது என் பாடு."

மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு எரிச்சல் தாங்காமல் தண்ணீருக்கு ஓடினாள். அவள் அழுதாளா, மிளகாய் எரிந்ததா என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய மகன் சிரட்டையில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே, "அம்மா கொழும்புக்குப் போகலயாம்" என்று அடுத்த காம்பராவுக்குச் சத்தம்போட்டுச் சொன்னான். நீங்களும் இப்படியே செய்யுங்கள்: வேலை செய்கிறவர்களுக்கு முதலில் கூட்டுங்கள், பெற்றோரிடம் பிறகு வாங்குங்கள். கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆனால் கட்டணம் கூடிய மாதத்தில் பெற்றோர் வாசலில் பார்க்கும் முகம் சிரித்த முகமாக இருக்கும்.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை செல்வியின் பிள்ளை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புடவைக் கடையில் விசாரித்தால், பிள்ளைக்குச் சுகமில்லை என்று லீவு சொல்லியிருக்கிறாளாம். காலையிலேயே பஸ் ஏறிப் போய், மேட்டில் ஏறி அவர்கள் லயத்தைக் கண்டுபிடித்தேன். தர்ஷினி முற்றத்தில் கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் கண்டதும் செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கூட்டத்துல வாய் முந்திக்கிச்சு மிஸ்" என்றாள். "காசக் கூட்டுங்கன்னு எல்லாருக்கும் முன்னாடி பெருசாச் சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா, எங்களால முடியல்ல. இப்ப எந்த மொகத்தோட வந்து சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே, "நீ பழைய காசே குடு, யாருக்கும் சொல்லாதே" என்று சொல்லப் போனேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஏனென்று உங்களுக்கு விளங்க வேண்டும். அந்த மாதிரிச் சலுகை நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அதை வாங்கியவள் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள். பால் தண்ணியாக இருந்தால்கூட என்னிடம் கேட்க மாட்டாள். செல்வியின் வாயை மூடிவிட்டு நான் என்ன நிலையம் நடத்துவது?

வாசலில் குந்திக்கொண்டு இரண்டு பேரும் யோசித்தோம். உள்ளே யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முருகேசுவா?"

"ஆமா மிஸ். விடிய வந்து படுப்பாரு. மத்தியானம் எழும்பிச் சும்மாத்தான் குந்தியிருப்பாரு."

"சும்மாவா இருப்பாரு?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

மறுநாள் காலை வாசலில் வைத்து எல்லோருக்கும் அறிவித்தேன்: மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் என்னிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அன்று மத்தியானம் முருகேசு வந்தார். குரங்குத் தொப்பி, பாதித் தூக்கம், பிள்ளையை எந்தப் பக்கத்தில் பிடிப்பது என்று தெரியாத இரண்டு கைகள். தர்ஷினி தகப்பனைப் பார்த்துவிட்டு விஜியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அடுத்த கிழமை தோளில் ஏறினாள். அதற்கடுத்த கிழமை, அவர் வரச் சற்றுப் பிந்தினால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் அப்பா எங்க?" என்று எங்களிடம் கணக்குக் கேட்கத் தொடங்கினாள். முருகேசு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைசீவி வர ஆரம்பித்ததையும் நாங்கள் கவனித்தோம்.

பாதிக் கட்டணத்தைக் கேட்டு அடுத்ததாக ஓடி வந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? சந்திரன்தான். "ஆட்டோவுல பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டாப் போச்சு மிஸ், காசும் மிச்சம்" என்று சந்தோஷமாகக் கவிஷைத் தூக்கிக்கொண்டு போனார். கலா என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினாள். அந்தக் கிழமை முடிவதற்குள் சந்திரன் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் கட்டியிருந்தது.

"ஹோர்ன அடிச்சு அடிச்சு பேட்டரிய முடிச்சுட்டான் மிஸ். ஏறுற ஆளையெல்லாம் எறங்கச் சொல்றான். நேத்து ஒரு ஹாமுதுரு, புத்த சாமியார் ஏறினாரு, அவரோட குடையப் பிடிச்சுக்கிட்டுக் குடுக்கவே மாட்டேங்கிறான். அவரு சிரிச்சுட்டாரு, நான்தான் அழுதுட்டேன். முழு நாளுக்கே வச்சுக்கங்க. நீங்க கூட்டினது பத்தாது மிஸ்."

வருஷங்கள் போயின. என் முழங்கால் தரையில் குந்தி எழும்ப மறுத்தபோது நிலையத்தை விஜியிடம் ஒப்படைத்தேன். இப்போது அவளிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நான் போனால் எனக்கும் ஒரு சின்னக் கதிரை போடுகிறாள்.

போன மாதம் ஒரு நாள் விஜி எனக்குப் போன் எடுத்தாள். "மிஸ், மாசக் காச கூட்டுறதப் பத்தி..." என்று தொடங்கினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழைக்குப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், மருந்துச் செலவு வரும், பிறகு பண்டிகைகள் வேறு வரிசையாக வருகின்றன. என்னை அறியாமலே சொன்னேன், "விஜி, கொஞ்சம் பொறுத்து, ஒரு ரெண்டு மாசம் போகட்டுமே..."

மறுபக்கம் அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை எழும்பி அழுதது.

"நான் யோசனை கேக்க எடுக்கல்ல மிஸ்," என்றாள், அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே. "நேத்தே எல்லாருக்கும் சொல்லிட்டேன்."